குழாய்க்கு இடம் விட்ட பிறகே அலமாரி!

வீட்டுக்குள் கை கழுவும் தொட்டி வந்துவிட்டது. 'வாஷ்பேசின்' என்று எல்லோரும் சொல்கிற வெள்ளைத் தொட்டிதான். முதலில் அது ஓட்டல்களில் இருந்தது. பிறகு வசதியானவர்களின் வீட்டுக்கு வந்தது. இப்போது இரண்டு அறை உள்ள சிறு வீட்டிலும் ஒரு மூலையில் அது நிற்கிறது.

தொட்டியைத் தொடர்ந்து இன்னொரு பொருளும் வந்திருக்கிறது. அது தொட்டிக்கு அடியில் பொருத்தும் அலமாரி. கீழே தொங்கும் குழாய் கண்ணுக்குத் தெரியக் கூடாது. சோப்பு, பற்பசை, துண்டு வைக்க இடமும் வேண்டும். இந்த இரண்டு ஆசையையும் அலமாரி நிறைவேற்றுகிறது. கடைக்காரர்கள் இதற்கு 'வேனிட்டி' என்று பெயர் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் 'பகட்டு' என்றும் ஒரு பொருள் உண்டு!

அலமாரி வேண்டாம் என்று சொல்ல முடியாது. சிறிய வீட்டில் ஒவ்வொரு சாண் இடமும் பொன்னுக்குச் சமம். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. தொட்டிக்கு அடியில் முதலில் குடியேறியது குழாய். அலமாரி பிறகு வந்த விருந்தாளி. விருந்தாளிக்காக வீட்டுக்காரனை மூலையில் நெருக்கினால் என்ன ஆகும்? வீடே கெடும்.

மற்ற ஊர்களைவிடத் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இந்த எச்சரிக்கை அதிகம் தேவை. அதற்குக் காரணம் இருக்கிறது.

சாரல் ஊரின் ஈரம்

மேற்கு மலைத் தொடரில் செங்கோட்டைக்கு அருகே ஒரு கணவாய் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாக இந்தப் பக்கம் நுழைகிறது. ஜூன் மாதம் பிறந்தால் தென்காசியில் காற்று குளிர்ந்து வீசும். மேகம் மலையில் தவழும். பூந்தூறலாகச் சாரல் விழும். பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றாலமும் பொங்கி வழியும். குளிப்பதற்கு ஊர் ஊராக மக்கள் வந்து கூடுவார்கள்.

வருகிறவர்களுக்கு அது இன்பம். வீட்டில் இருக்கும் மரத்துக்கு அது சோதனை. சாரல் காலத்தில் கதவு நிலையில் இறுக்கிக் கொள்ளும். மேசை இழுப்பறை திறக்க வராது. துவைத்த துணி இரண்டு நாள் ஆனாலும் காயாது. மரம் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது என்பதே இதற்குக் காரணம்.

கூடத்தில் காற்றோட்டமாக இருக்கும் மேசைக்கே இந்தக் கதி! தொட்டிக்கு அடியில், நான்கு பக்கமும் மூடி, உள்ளே குளிர்ந்த தண்ணீர்க் குழாய் ஓடும் அலமாரியின் கதி என்ன? ஈரக் காற்று குளிர்ந்த குழாயில் படும்போது முத்து முத்தாக நீர் கோக்கும். அது பலகையில் சொட்டும். அதோடு ஒரு சிறு ஒழுக்கும் சேர்ந்துவிட்டால் கேட்க வேண்டியதில்லை. பலகை ஊறும், பூசணம் பிடிக்கும், கரையான் வரும்.

'ஒரு சொட்டுத்தானே!' என்று அலட்சியம் செய்கிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டுகள். 20 சொட்டு ஒரு மில்லி லிட்டர் என்று வைத்துக் கொண்டால், ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேல் ஆகிறது. மாதத்துக்கு ஏறக்குறைய 130 லிட்டர்! குழாய் வெளியே தெரிந்தால் முதல் நாளே யாராவது பார்த்துவிடுவார்கள். அலமாரிக் கதவு மூடியிருந்தால் பலகை இற்று விழுகிற அன்றுதான் தெரியும்.

வளைந்த குழாயின் வேலை

தொட்டிக்கு அடியில் உள்ள குழாய் நேராக இறங்காது. வளைந்து இறங்கி, மேலே ஏறி, பிறகு சுவருக்குள் போகும். சில வீடுகளில் வளைவுக்குப் பதிலாகக் கிண்ணம் போன்ற ஒரு பகுதி இருக்கும். இதை 'பாட்டில் டிராப்' என்பார்கள். 'நேராக ஒரு குழாய் போட்டால் இடம் மிஞ்சுமே! ஏன் இந்த வளைவு?' என்று சிலர் கேட்கிறார்கள்.

இதற்கு விடை குற்றாலத்திலேயே இருக்கிறது. பேரருவியில் மலை உச்சியிலிருந்து விழும் தண்ணீர் நேரே தலையில் விழுவதில்லை. நடுவழியில் பாறையில் ஓர் ஆழமான பள்ளம் இருக்கிறது. அதன் பெயர் பொங்குமாகடல். தண்ணீர் முதலில் அதில் விழுந்து நிறைகிறது. நிறைந்தது போக வழிவதுதான் கீழே அருவியாக விழுகிறது. அதனால்தான் வேகம் தணிந்து, மக்கள் நின்று குளிக்க முடிகிறது. எத்தனை தண்ணீர் வந்து போனாலும் பள்ளத்தில் ஒரு பங்கு தங்கியே இருக்கும்.

வளைந்த குழாயிலும் அப்படித்தான். கை கழுவிய தண்ணீர் போன பிறகும் வளைவில் கொஞ்சம் தண்ணீர் தங்கி நிற்கும். சாதாரணமாக அது 2 அங்குல உயரத்துக்குக் குறையக் கூடாது. இந்தத் தண்ணீர்தான் வீட்டின் காவல்காரன். சாக்கடையில் இருந்து வரும் கெட்ட காற்றை இது வீட்டுக்குள் விடாது. கரப்பான் பூச்சியையும் தடுத்து நிறுத்தும்.

இந்த எளிய தந்திரத்துக்கு வயது சுமார் 250 ஆகிறது. ஸ்காட்லாந்தில் பிறந்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் லண்டனில் கடிகாரம் செய்து வந்தார். 1775-ம் ஆண்டில் அவர் கழிப்பறைத் தொட்டிக்கு வளைந்த குழாய் வைத்துக் காப்புரிமை பெற்றார். கடிகாரக்காரர் கண்ட வளைவு, இன்று உலகம் முழுவதும் வீடுகளைக் காத்து நிற்கிறது.

வளைவுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. முகம் கழுவும்போது மூக்குத்தியோ, கம்மல் திருகாணியோ தொட்டிக்குள் விழுந்துவிடுகிறது. வீடே அலறுகிறது. ஆனால் பதற வேண்டியதில்லை. கனமான பொருள் வளைவில் அல்லது கிண்ணத்தில் பெரும்பாலும் தங்கிவிடும். உடனே குழாயை நிறுத்தி, அடியில் ஒரு வாளியை வைத்து, கிண்ணத்தைத் திருகிக் கழற்றினால் நகை கைக்கு வந்துவிடும். கை நுழைய இடம் இல்லாமல் அலமாரி செய்திருந்தால்? அலமாரியை உடைத்தால்தான் மூக்குத்தி!

ஹாங்காங் சொன்ன பாடம்

காவல்காரன் தூங்கினால் என்ன ஆகும் என்பதை 2003-ம் ஆண்டில் உலகம் பார்த்தது. அந்த ஆண்டு 'சார்ஸ்' என்ற கொடிய காய்ச்சல் ஹாங்காங் நகரில் பரவியது. அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் மட்டும் 300-க்கு மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். பலர் இறந்தார்கள்.

ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாமலே நோய் எப்படிப் பரவியது? அதிகாரிகளும் நிபுணர்களும் ஆராய்ந்தார்கள். குளியலறைத் தரையில் இருந்த வளைகுழாய்களில் பல வறண்டு கிடந்தது தெரிய வந்தது. வளைவில் தண்ணீர் இல்லாததால், கழிவுக் குழாயில் இருந்த கிருமி கலந்த நீர்த்துளிகள் வீட்டுக்குள் ஏறியிருக்க வேண்டும். காற்றை வெளியேற்றும் விசிறி அவற்றை இழுத்திருக்க வேண்டும் என்று அவர்கள் கண்டார்கள். நோய் பரவியதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம் என்று முடிவு கூறப்பட்டது.

ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றியிருந்தால் அந்த வளைவு நிறைந்திருக்கும். ஒரு குவளைத் தண்ணீருக்கு இத்தனை மதிப்பு!

பூட்டிய வீடும் பூட்டிய அறையும்

இது எங்கோ நடந்த கதை என்று குற்றாலம் ஒதுக்கிவிட முடியாது. இங்கே சாரல் காலத்தில் விடுதி அறைகள் நிறைந்து வழியும். அருவி வறண்ட மாதங்களில் பல அறைகள் பூட்டிக் கிடக்கும். வெளியூரில் வேலை பார்க்கிறவர்களின் வீடுகளும் அப்படியே. திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ வந்து கதவைத் திறந்தால், குப்பென்று நாற்றம் முகத்தில் அடிக்கும். 'எலி செத்துக் கிடக்கிறதோ!' என்று வீடெல்லாம் தேடுவார்கள். எலி இல்லை. வளைகுழாயில் இருந்த தண்ணீர் சில வாரங்களில் ஆவியாகிப் போயிருக்கும். சாக்கடைக் காற்று வீட்டில் குடியேறியிருக்கும்.

இதற்கு மருந்து எளிது. வாரம் ஒரு முறை ஒவ்வொரு தொட்டியிலும், ஒவ்வொரு தரை ஓட்டையிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் போதும். நீண்ட நாள் பூட்டிப் போகிறவர்கள், தண்ணீர் ஊற்றிய பிறகு ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெய் விடலாம். எண்ணெய் தண்ணீரின் மேல் படர்ந்து நின்று, ஆவியாவதைத் தாமதப்படுத்தும். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வதோடு இதையும் சொல்லிவிட்டுப் போகலாம்.

அந்தக் காலத்து வீட்டில் இந்தத் தொல்லை இல்லை. கை கால் கழுவும் இடம் முற்றத்திலோ பின்கட்டிலோ இருந்தது. கழுவிய தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் போனது. வெயிலும் காற்றும் அந்த இடத்தைக் காயவைத்தன. தண்ணீர் புழங்கும் இடத்தை வீட்டுக்குள் கொண்டு வந்த பிறகு, வெயிலும் காற்றும் செய்த வேலையை மனிதன்தான் செய்ய வேண்டும்.

மேல்நாடு மாறிய விதம்

தொட்டிக்கு அடியில் மர அலமாரி கட்டுவது மேல்நாட்டிலிருந்து வந்த பழக்கம். ஆனால் மேல்நாட்டாரே ஒரு காலத்தில் அதை வெறுத்து ஒதுக்கினார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பணக்காரர்கள் கை கழுவும் தொட்டியை அழகான மரப் பெட்டிக்குள் வைத்தார்கள். பெட்டிக்குள் குழாய் ஒழுகியது, அழுக்குச் சேர்ந்தது, பூச்சி பெருகியது. நோய்க்குக் கிருமிகளே காரணம் என்று அறிவியல் அறிஞர்கள் நிரூபித்தபோது, சுகாதாரம் பேசியவர்கள் மரப் பெட்டியைத் தூக்கி எறியச் சொன்னார்கள். 1880-களுக்குப் பிறகு, குழாயைத் திறந்து வைப்பதே நாகரிகம் ஆயிற்று. பளபளப்பான குழாய் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ஒழுக்கும் உடனே தெரிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, புதுப் பலகைகளும் புதுப் பூச்சுகளும் வந்தபோதுதான் அலமாரி மறுபடியும் பரவியது.

திறந்த குழாய்தான் நல்லதா? மூடிய அலமாரிதான் நல்லதா? இரண்டிலும் நன்மை உண்டு. குழாய் கண்ணுக்கும் கைக்கும் எட்ட வேண்டும். பொருள் வைக்க இடமும் வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் புத்திசாலித்தனம்.

முதலில் பிளம்பர், பிறகு ஆசாரி

தவறு பெரும்பாலும் வரிசையில்தான் நடக்கிறது. கடையில் அழகான அலமாரியைப் பார்த்து வாங்கி விடுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு குழாய் இடிக்கிறது. பிளம்பர் குழாயை வெட்டுகிறார். அல்லது ஆசாரி பலகையைக் கண்டபடி வெட்டுகிறார். வெட்டிய விளிம்பு ஈரத்தைக் குடிக்கிறது. ஆறு மாதத்தில் அலமாரி உப்புகிறது. பழி ஆசாரிக்கு!

சரியான வரிசை இதுதான்: சுவர் பூசும் முன்பே தொட்டி எங்கே, எந்த உயரத்தில் என்று முடிவு செய்ய வேண்டும். பிளம்பர் குழாய் வேலையை முடிக்க வேண்டும். தண்ணீர் விட்டு ஒழுக்குப் பார்க்க வேண்டும். அதன் பிறகே ஆசாரி அளவு எடுக்க வேண்டும்.

தொட்டியின் மேல் விளிம்பு சாதாரணமாகத் தரையிலிருந்து 32 அங்குலம், அதாவது சுமார் 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். தொட்டியின் ஆழமும் வளைகுழாயின் உயரமும் போனால், அதற்குக் கீழே ஏறக்குறைய ஓர் அடி முதல் ஒன்றரை அடி வரைதான் முழு அகலத்துக்கும் காலி இடம். குழாயின் இரண்டு பக்கமும் மேல்வரை இடம் இருக்கும். இந்தக் கணக்கைத் தெரிந்து கொண்டால் அலமாரி தானாகவே உருவாகிவிடும்.

கழிவுக் குழாய் தரைக்குள் இறங்குவதைவிடச் சுவருக்குள் போவது நல்லது. அப்போது அடித்தட்டு முழுவதும் மிஞ்சும். பல வீடுகளில் மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் குழாயைத் தொட்டியிலிருந்து தரை ஓட்டைக்குள் சொருகி விடுகிறார்கள். அது அலமாரியின் நடுவே தும்பிக்கை போலத் தொங்கும். ஓட்டையைச் சுற்றிச் சந்து இருந்தால் கரப்பான் அந்த வழியாக ஏறி வரும். அந்தச் சந்தை அடைக்காமல் அலமாரி வைப்பது, பூச்சிக்கு வீடு கட்டிக் கொடுப்பதாகும்.

நடுவில் குழாய்க்கு ஒரு பாதை விட வேண்டும். இரண்டு பக்கமும் சிறு தட்டுகள் வைக்கலாம். இழுப்பறை வேண்டும் என்றால், பின்பக்கம் நடுவில் குழாய்க்கு இடம் விட்டு, 'ப' எழுத்தைப் போல மூன்று பக்கம் மட்டும் அறை இருக்கும்படி செய்யலாம். இழுத்தாலும் தள்ளினாலும் குழாயில் இடிக்காது. குழாய்க்குப் பின்னால் பலகை அடிக்கக் கூடாது. அடித்தால், திருகைக் கழற்றி எடுக்கும்படி இருக்க வேண்டும்.

அலமாரி சரியா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. வளைகுழாய்க்கு அடியில் ஒரு சிறு வாளியை வைக்க முடிகிறதா? கையை நுழைத்துக் கிண்ணத்தைத் திருக முடிகிறதா? 'ஆங்கிள் காக்' என்னும் அடிக் குழாயை, எந்தப் பொருளையும் நகர்த்தாமல் மூட முடிகிறதா? மூன்றுக்கும் 'முடிகிறது' என்று விடை வந்தால் அது நல்ல அலமாரி. ஒன்றுக்கு 'முடியவில்லை' என்றாலும் ஆசாரியைத் திரும்பக் கூப்பிட வேண்டியதுதான்.

எந்தப் பலகை?

தண்ணீர் புழங்கும் இடத்தில் சாதாரண பிளைவுட் நிற்காது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அதைவிட மோசம். ஒரு முறை நன்றாக நனைந்தால் பொங்கல் போலப் பொங்கிவிடும். மேலே ஒட்டிய பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது.

பிளைவுட்தான் வேண்டும் என்றால் 'மரைன் பிளைவுட்' கேட்டு வாங்கலாம். அதில் 'ஐ.எஸ். 710' என்ற இந்தியத் தர எண் அச்சிட்டிருக்கும். இந்தத் தரத்துக்கு உரிய பலகையின் ஒட்டு, 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் விடாமல் நிற்க வேண்டும் என்பது சோதனை. ஆனாலும் வெட்டிய விளிம்புகளையும் குழாய் நுழையும் ஓட்டையின் ஓரத்தையும் வார்னிஷோ பிசினோ பூசி மூட வேண்டும். ஈரம் உள்ளே நுழைவது அந்த வழியாகத்தான்.

அதற்கும் பணம் இல்லையா? கவலை வேண்டாம். சமையலறையில் போடுகிறார்களே கடப்பைக் கல், அதிலேயே இரண்டு தட்டுகளைச் சுவரில் பதித்துவிடலாம். அது ஊறாது, கரையானும் அரிக்காது. முன்னால் அலுமினியக் கதவோ, பி.வி.சி. கதவோ போடலாம். வெறும் திரைத் துணியே போதும் என்றாலும் குற்றம் இல்லை. துவைத்துக் காயப் போட்டுத் திரும்ப மாட்டிக் கொள்ளலாம்.

எந்தப் பலகையானாலும் அலமாரி தரையில் உட்காரக் கூடாது. ஆறு அங்குலமாவது தூக்கி நிறுத்த வேண்டும். அல்லது சுவரில் தொங்க விட வேண்டும். அப்போதுதான் தரையைக் கழுவும் தண்ணீர் பலகையைத் தொடாது. கதவில் மேலும் கீழும் காற்றுப் போக ஓட்டைகள் வேண்டும். சாரல் ஊரில் காற்றோட்டம் இல்லாத அலமாரி, பூசணம் வளர்க்கும் பெட்டி.

எதை வைக்கக் கூடாது?

அலமாரிக்கு அழகு பார்த்தாயிற்று, பலகையும் பார்த்தாயிற்று. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதற்குள் எதை வைப்பது?

கழிப்பறை கழுவும் ஆசிட், பிளீச்சிங் பவுடர், பினாயில், பூச்சி மருந்து எல்லாம் இந்த அலமாரிக்குள்தான் போய்ச் சேருகின்றன. 'கண்ணுக்குத் தெரியாமல் இருக்கட்டும்' என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் தவழும் குழந்தையின் கைக்கு வீட்டில் முதலில் எட்டும் அலமாரி இதுதான்! குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்த ஆசிட், குழந்தையின் கண்ணுக்குக் குளிர்பானம்தான். அது வயதுக்கு வந்தவர்களையும் ஏமாற்றும்.

இரண்டாவது ஆபத்து, கலப்பு. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் என்ற நச்சுக் காற்று எழும். அது மூச்சை அடைக்கும், நுரையீரலைப் புண்ணாக்கும். ஒழுகும் குழாய்த் தண்ணீர் இரண்டையும் ஒன்று சேர்த்துவிட்டால் யார் பொறுப்பு? இவை இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கவே கூடாது.

மூன்றாவது ஆபத்து பலருக்குத் தெரியாது. மூடி இறுகாத ஆசிட் பாட்டிலிலிருந்து புகை கசிந்து கொண்டே இருக்கும். மூடிய அலமாரிக்குள் அந்தப் புகை எங்கே போகும்? கீலைத் துருப்பிடிக்க வைக்கும். 'கனெக்ஷன் பைப்' மேல் பின்னியிருக்கும் எஃகுக் கம்பியைக்கூட மெல்ல மெல்ல அரிக்கும். ஒரு நாள் அந்தக் குழாய் வெடித்துத் தண்ணீர் பீய்ச்சும். வீட்டில் ஆள் இல்லாத நேரமானால் வீடே குளமாகும். எதற்கோ வாங்கிய ஆசிட், குழாயையே தின்றுவிட்டது என்று யாருக்கும் தோன்றாது.

ஆகவே நஞ்சுப் பொருள்கள் எல்லாம் குழந்தைக்கு எட்டாத உயரத்தில், காற்றோட்டமான இடத்தில், அவை வந்த பாட்டிலிலேயே, பூட்டுக்குள் இருக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் சோப்பு, துடைக்கும் துணி, ஒரு வாளி ஆகியவை இருக்கலாம். மளிகைச் சாமானும் துணிமணியும் மருந்தும் அங்கே கூடாது. ஈரத்தில் மாத்திரை கெட்டுப் போகும்.

ஒழுகுகிற குழாய்க்கு அடியில் கிண்ணம் வைத்துவிட்டு மறந்துவிடுகிறவர்களும் உண்டு. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவுக்கு அந்த ஒரு கிண்ணம் நல்ல தண்ணீர் போதும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். கிண்ணம் பரிகாரம் ஆகாது. வாஷரை மாற்றுவதுதான் பரிகாரம்.

வாரத்துக்கு ஒரு நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நிமிடம் ஒதுக்கினால் போதும். கதவைத் திறந்து, குழாயின் மூட்டுகளில் உலர்ந்த காகிதத்தால் துடைத்துப் பார்க்க வேண்டும். காகிதம் நனைந்தால் ஒழுக்கு இருக்கிறது. மூக்கால் முகர்ந்து பார்க்க வேண்டும். நாற்றம் வந்தால் வளைவில் தண்ணீர் இல்லை, அல்லது மூட்டு தளர்ந்திருக்கிறது. அடிக் குழாயை ஒரு முறை மூடித் திறக்க வேண்டும். திருப்பாமலே விட்ட குழாய், அவசரத்தில் திரும்பாது. அந்த ஒரு நாள், அலமாரிக் கதவைத் திறந்தே வைத்தால் உள்ளே ஈரம் உலரும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளே இந்த வேலையைச் செய்யலாம். வளைவில் தண்ணீர் ஏன் நிற்கிறது என்று ஒரு முறை காட்டிக் கொடுத்தால் அவர்கள் மறக்க மாட்டார்கள்.

வீட்டுக்காரர்கள் மட்டும் திருந்தினால் போதாது. வாடகைக்கு வீடு கட்டுகிறவர்கள் சுவர் பூசும் முன்பே குழாய்க்கு இடம் குறிக்க வேண்டும். விடுதி நடத்துகிறவர்கள், அறை காலியாக இருக்கும் மாதங்களிலும் வாரம் ஒரு முறை எல்லாத் தொட்டியிலும் தண்ணீர் விட ஆள் வைக்க வேண்டும். அலமாரி விற்கிறவர்கள், வாங்க வருகிறவரிடம் நிறத்தைக் கேட்கும் முன்பு 'குழாய் எங்கே போகிறது?' என்று கேட்க வேண்டும். பிளம்பரும் ஆசாரியும் ஒரே நாளில் வந்து, நேருக்கு நேர் நின்று பேசி, அளவு எடுக்க வேண்டும். இதற்கு எல்லாம் பெரிய செலவு இல்லை. ஒரு நாள் பொறுமையே செலவு.

மலையையே அறுத்து வழி கண்டது தண்ணீர். மெல்லிய பலகை அதைத் தடுத்துவிடும் என்று எண்ணுவது பேதைமை. தண்ணீருக்கு அதன் வழியை முதலில் விட்டுவிட வேண்டும். மிஞ்சிய இடத்தில் மனிதன் அழகாகப் பொருள் அடுக்கிக் கொள்ளலாம். அப்படிச் செய்த அலமாரிதான் குடும்பத்துக்குப் பயன் தரும். மற்றது வெறும் பகட்டு!